தவிட்டுக்கு வாங்கிய மகளும் அயர்லாந்துக் குடியுரிமையும்

எங்கள் தொழிலில் ஆளை நம்பினாலும் நம்பலாம், அவர் நீட்டுகிற காகிதத்தை மட்டும் நம்பக் கூடாது. கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸ் பக்கம் பதினெட்டு வருஷமாக டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வெளிநாடு போகிறவர்கள், போன இடத்திலேயே குடியுரிமை கேட்கிறவர்கள், இவர்களுடைய சான்றிதழ்களை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஒரிஜினலும் மூன்று ஜெராக்ஸும் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஜன்னலுக்கு முன்னால் நின்றிருக்கிறீர்கள் என்றால் நீங்களும் என் கட்சிதான்.

ஒரே தேதி

கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் தன் மூன்று பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களைக் கொண்டுவந்தார். மூன்று பேரும் ஜூன் முதல் தேதி பிறந்திருந்தார்கள். வருஷம்தான் வேறு வேறு. வெளிநாட்டு அதிகாரி இதைப் பார்த்தால் போலி என்று தூக்கிப் போடுவாரே, எனக்கே அப்படித்தானே தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டு, எப்படி இப்படி என்று கேட்டேன். அவர் என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

“பள்ளிக்கூடம் தொறக்கறது அன்னிக்கிதான மேடம், வாத்தியாரு வேற இன்னா தேதி போடுவாரு?”

இல்லாத பிறப்பு

இப்படிச் சின்னச் சின்ன சந்தேகங்களில் தேறியிருந்த என்னிடம்தான் பாபு வந்து சேர்ந்தான். தியாகதுருகம் பக்கத்துக் கிராமம். அவன் அக்கா வளர்மதி ஒன்பது வருஷமாக அயர்லாந்தில் நர்ஸ். புருஷன், பெண் குழந்தை எல்லாம் அங்கேயே. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தாள். பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதன் மொழிபெயர்ப்பும் வேண்டும் என்று அங்கே கேட்டிருந்தார்கள்.

பதிவேட்டில் அப்படி ஒரு குழந்தையே இல்லை. அப்பா பேரில் தேடியாயிற்று, அம்மா பேரில் தேடியாயிற்று. மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பிய பாபுவுக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நானும் ஆபீஸ்காரர்களும் கூட்டு சேர்ந்து இழுத்தடிக்கிறோமாம். நான்காவது தடவை சாட்சிக்கு என்பதுபோல் தன் அம்மா நாகம்மாவைக் கூட்டிவந்தான். அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகன் டீ குடிக்க வெளியே போனதும் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“என் பேர்ல தேடாதீங்க. பக்கத்து வூட்டு காசியம்மா பேர்ல தேடுங்க.”

அத்தை

கிடைத்துவிட்டது. அதே வருஷம், அதே ஊர், பெயர் வளர்மதி. அப்பா, காசியம்மாளின் காலஞ்சென்ற கணவர். அம்மா, காசியம்மாள். ஆனால் பாஸ்போர்ட்டில் அம்மா நாகம்மாள். ஒருத்திக்கு இரண்டு ஜோடி பெற்றோர். ஆள் மாறாட்டமா, குழந்தை கடத்தலா என்று என் புத்தி போகாத இடம் இல்லை. அன்று அயர்லாந்திலிருந்து போன் செய்த வளர்மதி எடுத்ததும் கேட்டது, அத்தை கடைக்கு வந்தாங்களா என்று. எந்த அத்தை என்றேன். நாகம்மா அத்தை என்றாள். பெற்ற தாயை எந்தப் பெண் அத்தை என்று கூப்பிடுவாள்? திருட்டு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்புறம் அவள் சொன்னாள். அவளுக்கு முன்னால் நாகம்மாவுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் நாற்பது நாள் தாண்டவில்லை. மூன்றாவதான இவளுக்கும் இருபதாம் நாள் காய்ச்சல் கண்டது. அப்படிப்பட்ட பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது வழக்கம். காசியம்மாள் ஒரு முறம் தவிடு கொண்டுவந்து நாகம்மா வீட்டு வாசலில் கொட்டிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். வளர்ந்தது நாகம்மா வீட்டில், நாகம்மாவின் பாலில்தான். ஆனாலும் அது காசியம்மாள் பிள்ளை. நாகம்மா பிள்ளையைத் தேடி எமன் வந்தால் அங்கே அப்படி ஒரு பிள்ளை கிடையாது. பிறப்பு எழுதத் தலையாரி வந்தபோதும் நாகம்மா அதையேதான் சொல்லியிருக்கிறார். பெற்றவளை அத்தை என்றும் பக்கத்து வீட்டுக்காரியை அம்மா என்றும் கூப்பிடப் பழக்கினார்கள். பின்னால் பிறந்த பாபுவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பள்ளியில் சேர்த்த அப்பாதான் வாய் தவறி உண்மையான பெற்றோர் பெயரைக் கொடுத்துவிட்டார், அதுவே பாஸ்போர்ட்டிலும் ஏறிவிட்டது.

“அதுக்கே அத்த மூணு நாளு சோறு துன்னலக்கா.”

ஒரு முறம்

சான்றிதழை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தேன். கூடவே பெற்றோர் பெயர் ஏன் மாறியிருக்கிறது என்று ஒரு விளக்கமும் எழுதினேன், ‘ஒரு முறம் தவிட்டுக்கு விற்கப்பட்டார்’ என்று. விற்றார்கள் என்று போட வேண்டாமே என்றாள் வளர்மதி. நான் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று பெரிய இவளாட்டம் சொல்லிவிட்டேன். அயர்லாந்து குடியுரிமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. விற்றவர் யார், வாங்கியவர் யார், இடையில் தரகர் உண்டா? சந்தேகப்படுவது அவர்களுக்கும் தொழில் என்பதை மறந்துபோனது என் தப்புதான். இரண்டு பெண்களும் சத்தியப் பிரமாணம் தர வேண்டும், இருபத்தெட்டு நாளில் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி என்று எழுதியிருந்தார்கள்.

காசியம்மாள் பேரம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். வந்தார், ‘வளர்மதியை நான் பெறவில்லை’ என்று எழுதியதைப் படிக்கக் கேட்டார், கைநாட்டு வைத்தார். எழுந்திருக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

“வித்தவங்க திருப்பி வாங்கல மேடம். அதையும் ஒரு ஓரமா எழுதிக்கோங்க.”

போடாத கையெழுத்து

நாகம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ‘வளர்மதியைப் பெற்றவள் நான்’, இவ்வளவுதான் வாசகம். காரணமும் சொல்லவில்லை. எனக்கு பாபுமேல் சந்தேகம். காகிதத்தில் அக்கா இல்லை என்றால் நிலத்தில் பங்கும் இல்லை அல்லவா? நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவன் முகம் சிவந்து, நானும் ஒரு மனுஷியா என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனான். இருபது நாள் ஓடிவிட்டது. ஒரு மத்தியானம் நாகம்மா தனியாக வந்தார்.

இத்தனை வருஷத்தில் அவளைப் பெற்றேன் என்று ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை என்றார். பிரசவம் பார்த்தவளிடம்கூட, வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாராம். அதைப் போய் முத்திரைத் தாளில் எழுதி, சீல் குத்தி, ஊரறியக் கையெழுத்துப் போடச் சொல்கிறோம். நிலம், பங்கு என்று நான் கணக்குப் போட்டது நினைவு வந்து வெட்கமாக இருந்தது. இங்கிலீஷில்தான் எழுதுகிறோம், நேராக அயர்லாந்துக்குப் போய்விடும் என்று சமாதானம் சொன்னேன். அவர் யோசித்தார்.

“எமன் அங்கியும் வருவான் இல்ல?”

மூடிய காது

கடைசியில் வளர்மதி போனில் அழுததுதான் அவரை அசைத்தது. ஒரே நிபந்தனை, தமிழில் படித்துக் காட்டக் கூடாது. படித்துக் காட்டாமல் நான் யாரையும் கையெழுத்துப் போட விட்டதில்லை. நோட்டரி வக்கீலும் விட மாட்டார். அவர் படிக்க ஆரம்பித்ததும் நாகம்மா இரண்டு காதையும் உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, “காசி புள்ள, காசி புள்ள” என்று முணுமுணுக்கத் தொடங்கினார். வக்கீல் நிறுத்தும்வரை அவரும் நிறுத்தவில்லை. நான் தொட்டதும் கண்ணைத் திறந்து, தாளைப் பார்க்காமலே தன் பெயரை எழுதினார். வாசகத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டார் என்று எப்படிச் சான்று போடுவீர்கள் என்று வக்கீலைக் கேட்டேன்.

“புரியாதவங்க காத மூட மாட்டாங்க மேடம். சீல எடுங்க.”

அம்மா

ஐந்து மாதம் கழித்து வளர்மதிக்குக் குடியுரிமை கிடைத்தது. உறுதிமொழி எடுக்கிற அன்று, எங்கள் கடையில் நெட் நன்றாக வரும் என்று பாபு நாகம்மாவையும் காசியம்மாளையும் கூட்டிவந்தான். வரும்போது என்னோடு பேசவில்லை. எனக்கு அது வேண்டியதுதான். வீடியோவில் வளர்மதி பட்டுப்புடவையில், ஒரு பெரிய மண்டபத்தில், கையில் சான்றிதழோடு நின்றாள். இனி வேறு தேசத்துப் பிள்ளை, பழைய கணக்கெல்லாம் தன்னைத் தொடாது என்று அவளுக்குத் தோன்றியதோ என்னவோ. நாகம்மாவை நேராகப் பார்த்து, “அம்மா” என்றாள்.

நாகம்மாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உதடு பிரிந்தது. பாபு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். உடனே போனைப் பக்கத்தில் இருந்த காசியம்மாளின் கையில் திணித்தார்.

“காசி, உன்னத்தான் கூப்புடுது. பேசு.”

வளர்மதி யார் பெற்ற பிள்ளை என்பதில் அயர்லாந்து அரசாங்கத்துக்கு இருந்த சந்தேகம் ஐந்தே மாதத்தில் தீர்ந்துவிட்டது, எமனுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை மட்டும் நாகம்மாவுக்கு இன்னும் ஓயவில்லை.