குடைமேல் ஐந்து பொட்டு

வலது கையில் மூன்றே விரல்களோடு பள்ளியில் வாங்கிய அழகுக் கையெழுத்துப் பரிசு. பர்மாவில் அவர்கள் குடியிருக்கும் தாகேதா வட்டாரச் சதுரங்கப் போட்டியில் இரண்டாம் இடம். புஷ்பலதா அதை அப்படிச் சொல்வதில்லை, "ஒரே ஒருத்தன்கிட்டதான் தோத்தான்" என்பாள். மூன்றாம் முறை எழுதிக் கிடைத்த பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. பட்டம் வாங்கிய பதினோரு பேர் வரிசையில் நிற்க, அலோன் படகுத்துறை அருகே கடல் வரைபடக் கடையில் கிடைத்த வேலை. தம்பி சிவராஜ் ஜெயித்ததையெல்லாம் விரல் மடக்கி எண்ணுவாள். ஐந்தாவது விரல் மடங்காமல் நிற்கும். "அது அடுத்ததுக்கு" என்பாள்.

சிவராஜுக்கு முப்பத்து நான்கு வயது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் ஒன்பது வயதில் கரும்பு பிழியும் இயந்திரத்தோடு போயின. பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கி எழுதுவான். கட்டைவிரல் நகத்தில் எப்போதும் ஊதா மைப் புள்ளி. பேனா எவ்வளவு மெல்லிசாக எழுதுகிறது என்று அங்கேதான் பார்ப்பான். 'பக்கத்துல' என்ற சொல் அவனிடம் கிடையாது. மொஹிங்கா கடை எங்கே என்று கேட்டால், "நூத்தி நாப்பது அடி, வடமேற்கு" என்பான். கேட்டவர் பசியை மறந்து வடமேற்கைத் தேடுவார்.

கப்பல்கள் தங்கள் வரைபடக் கட்டுகளைக் கடையில் இறக்கிவிட்டுப் போகும். எந்தக் கடலில் எந்த விளக்கு அணைந்தது, எங்கே புதிதாகப் பாறை தெரிந்தது என்று வாராவாரம் அறிவிப்பு வரும். அதைப் பார்த்து ஒவ்வொன்றையும் ஊதா மையால் படத்தில் ஏற்றுவதுதான் அவன் வேலை. ஒவ்வொரு திருத்தம் முடிந்ததும் "படிச்சேன், பாத்தேன், வச்சேன்" என்று முணுமுணுப்பான். கோயிலில் தேங்காய் உடைத்த பிறகும் ஒருநாள் அதையே சொன்னான்.

வேலை அவனுடையது, தாளின் கீழ் மூலையில் கையெழுத்து மட்டும் கடைக்காரர் அப்துல் சமதுவுடையது. மூன்று வருடமாக அப்படித்தான். சம்பளச் சீட்டில் அவன் போடுவதோ அடையாள அட்டையில் இருக்கும் பர்மியப் பெயர், மியோ வின். சிவராஜ் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அதை அவன் எந்தத் தாளிலும் கையெழுத்தாகப் போட்டதில்லை. "இந்தக் கட்டு தப்பில்லாமப் போகட்டும் தம்பி, அடுத்ததுலேர்ந்து நீயே கையெழுத்துப் போடு" என்று ஜூலைத் தொடக்கத்தில் சமது பாய் சொன்னார். அன்று முதல் புஷ்பலதாவின் ஐந்தாவது விரல் துடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டின் கடைசித் தாளில்தான் குழப்பம் வந்தது. கப்பல் ஆகஸ்டில் வடகோடிப் பனிக்கடல் வழியாகப் போகிறதாம். அங்கே ஐந்து தீவுகள்; ஒன்று பெரிது, நான்கு துண்டு துணுக்கு. மரம் இல்லை, வீடு இல்லை, ஆள் இல்லை. பெயர்கள் மட்டும் உண்டு. பெரிய தீவுக்கு அதைக் கண்டுபிடித்த கப்பல் தலைவனின் பெயர். ஒன்றுக்கு அவன் மனைவி பெயர், ஒன்றுக்கு அவன் நாய் பெயர், ஒன்றுக்குச் சமையல்காரன் பெயர். ஐந்தாவதற்கு எதுவும் இல்லை.

"ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்குடா பேரு? யாரு கூப்பிட, யாரு திரும்பிப் பாக்க?" என்றாள் புஷ்பலதா. வேறு நாட்டுப் படங்களில் அதே தீவுகளுக்கு வேறு பெயர்களாம்.

"ஒரு கல்லுக்கு ரெண்டு பேரா?"

"ஏன், எனக்கு இல்லையா?" என்றான்.

இந்த வருடத்து அறிவிப்பு, சமையல்காரன் தீவை ஒட்டி நீருக்கடியில் பாறை இருக்கிறது என்றது. இடத்தை எண்ணாகவும் கொடுத்திருந்தது. சிவராஜ் அளந்து புள்ளி வைத்தான். புள்ளி சமையல்காரனிடம் போகவில்லை. பெயரில்லாத தீவின் காலடியில் விழுந்தது. மறுபடி அளந்தான். அங்கேயே விழுந்தது. இரண்டு நாள் அவன் வாயில் "வச்சேன்" வரவில்லை. கருவாட்டுக் குழம்பைப் பிசைந்தபடி, "நான் தப்பா, தீவு தப்பா?" என்று தட்டைக் கேட்டான்.

அன்று மாலை கரண்ட் இல்லை. மழையில் நனைந்த குடை வாசலருகே விரிந்து காய்ந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு விளக்க அவன் குடையைப் பிடித்தான். "இந்த உச்சிதான் வடதுருவம். கம்பியெல்லாம் வடக்கு தெக்காப் போற கோடு." அவளுடைய ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து ஒரு பெரிய பொட்டும் நான்கு சிறிய பொட்டும் உரித்து, துணியைத் துடைத்து ஒட்டினான். உச்சி வலது பக்கம் வருகிறமாதிரி குடையைச் சாய்த்தான். "தாள்ல இப்படித்தான் இருக்கு. இப்ப கிழக்கு கீழ இருக்கு."

"கிழக்கு எப்படிடா கீழ இருக்கும்? அப்ப சூரியன் தரைக்குள்ளேர்ந்தா வரும்?"

"எல்லா ஊர்லயும் அங்கேர்ந்துதான்க்கா வருது."

"எனக்குப் புரியல. படத்துல வலது கைப் பக்கம்தானே கிழக்கு? பள்ளிக்கூடத்துல அப்படித்தானே சொல்லிக்கொடுத்தாங்க?"

சிவராஜ் குடைப் பக்கம் குனிந்தான். வலது ஓரத்துப் பொட்டில், சமையல்காரன் தீவில், விரலை வைத்தான். பிறகு அடியில் இருந்த பெயரில்லாத பொட்டில் வைத்தான். ஐந்து வருடத்துக்கு முன் இதே கப்பல் கடைக்கு வந்தபோது அந்தத் தாளில் ஒரு திருத்தம் ஏறியிருந்தது நினைவுக்கு வந்தது: கிழக்கு ஓரத் தீவுக்குச் சமையல்காரன் பெயர் இடுக. இட்டவர், எண்ணைப் பார்க்காமல், வலது ஓரத்துத் தீவில் இட்டிருக்கிறார். கீழ் மூலையில் கையெழுத்து: அப்துல் சமது.

புஷ்பலதாவுக்குக் கிழக்கு இன்னும் கீழே இறங்கவில்லை. ஆனால் இது புரிந்தது. "டேய், மொதலாளி தப்பை மொதலாளிகிட்டயே சொல்லப் போறியா? கையெழுத்துக் கொடுக்கிறேன்னவர்டா. பேசாம புள்ளிய மட்டும் வச்சிரு. அங்க யாரு இருக்கா கேக்க?"

"தீவுல ஆள் இல்லக்கா, கப்பல்ல இருக்கான்ல. சமையக்காரன் பக்கம் போகாதேன்னு ரேடியோவுல சொன்னா, அவன் எந்தக் கல்ல விட்டு ஒதுங்குவான்?"

அவளுக்குத் தூக்கமே வரவில்லை. தம்பி சொல்வது சரி என்று தோன்றியது. வேலை போய்விடும் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படித் தோன்றும் என்பதும் விளங்கவில்லை.

மறுநாள் பகல் சோற்றுத் தூக்கோடு அவளே அலோனுக்குப் பஸ் ஏறினாள். கடைக்குள் குடை மேசைமேல் விரிந்திருந்தது. சமது பாய் எழுந்து நின்றிருந்தார்.

"வாம்மா. ஒன் தம்பி குடைக்குப் பொட்டு வச்சுக் கூட்டியாந்திருக்கான். கல்யாணமா, காதுகுத்தா?" என்றவர் அவன் பக்கம் திரும்பினார். "தினம் அஞ்சு வேளை மேற்கப் பாத்துத் தொழுறவன்டா நான். எனக்கா திசை சொல்லித் தர்ற?"

"திசை சொல்லல பாய். நீங்களே ஒருவாட்டி அளந்து பாருங்க."

அவர் கவராயத்தை எடுத்தார். அளந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். தகரக் கூரையில் மழை கொட்டியது. புஷ்பலதா தூக்கைக் கீழே வைக்க மறந்து நின்றாள். மூன்றாம் முறை அளந்ததும் பேனாவை எடுத்து, வலது ஓரத்தில் தாம் எழுதிய பெயரின்மேல் தாமே மெல்லிய கோடு இழுத்தார். அந்தத் தொழிலில் எதையும் சுரண்டி அழிப்பதில்லை; அடித்தது அடியில் தெரியவேண்டும். சமையல்காரனின் பெயரைச் சிவராஜ் கீழே இருந்த பெயரில்லாத தீவில் எழுதி, பாறைப் புள்ளியை மையால் அழுத்தினான்.

பாய் தாளைத் திருப்பி, கீழ் மூலை அவன் முன்னே வரும்படி நகர்த்தினார். "போடு."

"அடுத்த கட்டுலேர்ந்துன்னு சொன்னீங்களே பாய்."

"என் தப்புக்குக் கீழ மறுபடி நானே போட்டா எவன் நம்புவான்? போடு."

"எந்தப் பேரு போட?"

"அதையும் நானாடா சொல்லணும்?"

சிவராஜ் கட்டைவிரல் நகத்தில் பேனாவைத் தொட்டுப் பார்த்தான். "படிச்சேன், பாத்தேன்" என்று முணுமுணுத்து நிறுத்தினான். பிறகு மூன்று விரல்களால், கப்பல்காரர்களும் படிக்கும்படி ஆங்கில எழுத்தில், அக்கா கூப்பிடும் பெயரை எழுதி அதன் கீழே தேதியிட்டான்: 2024 ஜூலை 18.