ராமையாவை யாரும் துரத்தவில்லை

எங்கள் ரப்பர் தோட்டத்தின் லய வரிசையில் ஆறாம் காம்பரா நாலு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே இருப்பவை ஓட்டை விழுந்த பால் வாளிகளும், உடைந்துபோன மருந்தடிக்கும் மெஷின் ஒன்றும், கரையான் பிடித்த பலகைகளும்தான். அதை ஒட்டிய ஐந்தாம் காம்பராவில், ஒரே அறையில், ராமையாவும் அவருடைய மகனும் மருமகளும் குடியிருந்தார்கள். சின்னஞ்சிறுசுகளுக்கு வீட்டை விட்டுக்கொடுப்பதற்காக அந்த மனிதர் நல்ல நாட்களையெல்லாம் ரப்பர் ஸ்டோரில் கழித்தார். இந்தப் பொங்கலுக்கும் அங்கேதான் படுத்தார். நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனார். இது ஒரு அநியாயம். மருமகள் துரத்தியதால்தான் கிழவன் ஸ்டோரில் கிடந்தான் என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் பேசுகிறார்கள். இது இன்னொரு அநியாயம்.

கருமாதி நோட்டீஸில் போட நாலு வரி எழுதித் தரும்படி ராமையாவின் மகன் யோகன் கேட்டான். நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். கடையில் சாமான் சுற்றிக் கொடுத்த பேப்பர்களை விரித்து விரித்து வாசிக்கப் பழகியவன். அலங்காரமாக எழுதத் தெரியாது. ஆனால் இந்த விஷயம் நாலு வரியில் அடங்காது என்பது தெரியும். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் முழுவதையும் வாசிக்க வேண்டும்.

செய்தி வந்தபோது நான் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். கரவனெல்ல ஆஸ்பத்திரியிலிருந்து யோகன் போன் எடுத்தான். "மாமா, அப்பா..." என்றான். அவனுக்குப் பின்னால் சுமதியின் குரல் கேட்டது. "நான் சொன்ன வார்த்ததாங்க, நான் சொன்ன வார்த்ததான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன வார்த்தை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கோடரியைக் கட்டையில் இறக்கிவிட்டு நின்றேன்.

சுமதி ஓப்பநாயக்கவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண். அங்கே தேயிலைக் கொழுந்து பறித்தவள், இங்கே வந்து மூன்று மாதத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் பழகிக்கொண்டாள். யோகனுக்குக் கொழும்பில் இரும்புக் கடையில் வேலை. மாதத்தில் இரண்டு தடவை வருவான், மறுநாளே போய்விடுவான். தீபாவளிக்கு மூன்று நாள், வருஷக் கடைசியில் கடை மூடும்போது ஆறு நாள், பொங்கலுக்கு மூன்று நாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர்கள் புருஷன் பெண்சாதியாக ஒரு வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு, கோபித்துக்கொண்டு, சமாதானமாகி இருந்த நாட்கள் இவ்வளவுதான்.

இது ராமையாவுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் வருஷக் கடைசியில், யோகன் வந்து இறங்கிய அன்று மாலையே பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போனார்.

"எங்க மச்சான், பாயோட?"

"ஸ்டோருக்கு. வாச்சர் சுமனபால ஊருக்குப் போகணுமாம். நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"வாசல் இஸ்தோப்புல படுத்துக்கலாமே."

"இஸ்தோப்புல படுத்தா இருமுவேன். உள்ளுக்குப் பேசிக்கிட்டு இருக்கிறவங்க பேச்ச நிப்பாட்டிருவாங்க. அது எதுக்கு?"

அன்று தொடங்கியது. யோகன் வருகிற நாளெல்லாம் சுமனபாலவுக்கு லீவு. சுமனபாலவுக்கே வெட்கமாகப் போய்விட்டது. "ராமையா அய்யே, கெதர யன்னெ நெத்த?" என்று ஒருநாள் கேட்டான். வீட்டுக்குப் போகவில்லையா என்று. "கெதர செனக வெடியி" என்றார் ராமையா. வீட்டில் ஆட்கள் அதிகமாம். வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

போன தீபாவளி நல்ல மழை. நான் ஸ்டோரில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் சுமதி தலையில் உரப்பையைப் போட்டுக்கொண்டு, டிபன் கேரியரோடு ஏறி வந்தாள். கோழிக்கறி, வடை, அதிரசம். உட்கார்ந்து பரிமாறத்தான் வந்திருந்தாள். அவர் அவளை உள்ளே விடவில்லை. "வெச்சிட்டு ஓடு புள்ள. அவன் தனியா உக்காந்து இருப்பான்" என்றார். அவள் முகம் விழுந்துவிட்டது. அவள் போன பிறகு கேரியரை வழித்து, எலும்பைக்கூட விடாமல் தின்றார்.

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்து அழுதாள். "மாமாவுக்கு என் கைச்சோறு புடிக்கல பெரியப்பா. நல்ல நாள்ல ஒரு தடவகூட என் ஊட்ல உக்காந்து சாப்ட்டது இல்ல. நான் என்னா கொற வெச்சேன்?"

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் ராமையா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். "சொல்லிப்புடாத மச்சான். எடம் விட்டுட்டு மாமனார் வெளிய போறான்னு தெரிஞ்சா அந்தப் புள்ள வெக்கத்துல செத்துப் போகும். அதுக்கப்புறம் அவன் ஊட்டுக்கு வாறதே அதுக்குப் பாரமாகிரும்." வாக்கு வாக்குதான் என்று இருந்துவிட்டேன். "கெழவனுக்கு ஸ்டோர் மேல பைத்தியம்மா, நீ கண்டுக்காத" என்று சொல்லி அனுப்பினேன்.

டிசம்பரில் ஒருநாள் சுத்தியல் இரவல் கேட்க ஐந்தாம் காம்பராவுக்குப் போனேன். வாசலுக்கு வரும் முன்பே சத்தம். யோகன் கொழும்பிலிருந்து கேக்கும், நத்தாருக்குத் தொங்கவிடும் பெரிய காகித நட்சத்திரமும் கொண்டு வந்திருந்தான். நாங்கள் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் வேதக்காரர் இல்லை. அழகாக இருந்ததாம், வாங்கிவிட்டானாம்.

"இத எங்கங்க தொங்க வுட? மாமா தலைக்கு மேலயா?"

"அவருதான் ஊட்லயே இல்லயே. அந்தக் கட்டில தூக்கி இஸ்தோப்புல போட்டா எல்லாத்துக்கும் எடம் வரும். ரெண்டு வருசமா அலுமாரிக் கதவு பாதிதான் தொறக்குது. கைய வுட்டுத் தொழாவித்தான் சட்ட எடுக்கிறேன்."

"தொழாவியே எடுங்க. மாமா கட்டில்ல கைய வெச்சீங்கன்னா கேக்கு முழுசும் கோழிக்குத்தான்."

"கொழும்புக் கேக்கு அது."

"கொழும்புக் கோழின்னு நெனச்சுக்கும்."

அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். பிறகு அவள் மறுபடி கோபித்துக்கொண்டு, "வாங்க பெரியப்பா, நீங்களே நாயத்தக் கேளுங்க" என்றாள். எனக்குச் சுத்தியல் மட்டும் போதும் என்றேன். ராமையாவின் கட்டிலைப் பார்த்தேன். துவைத்த விரிப்புப் போட்டு, தலையணைக்கு உறை மாற்றி வைத்திருந்தாள். பண்டிகைக்குப் பண்டிகை இப்படித்தான் விரித்து வைப்பாளாம். படுக்க வேண்டியவர் வரவே மாட்டார்.

மாலையில் போய் ராமையாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"சத்தமாவா சண்ட போட்டாங்க?"

"வாசல்வரைக்கும் கேட்டுச்சு."

"நல்லது. சண்ட போடவும் ஒரு காம்பரா வேணும் மச்சான். நானும் எம் பொஞ்சாதியும் பதினோரு வருசம் எங்க அப்பன் ஆத்தாளுக்குப் பக்கத்துல படுத்து, காதோட காதா சண்ட போட்டோம். ஒண்ணுகூடத் தீரல. அவ சாகுற அன்னிக்கும் ஒரு பழைய சண்ட பாக்கி இருந்துச்சு."

இதைக் கேட்டபோது எனக்கு வந்தது கோபம். அவர் மேலும்தான். பத்தடி தள்ளி ஒரு காம்பரா ஓட்டை வாளிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மனுஷன் பாயைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிறான், அதை ஒரு பெரிய காரியமாகவும் நினைக்கவில்லை. போய்க் கேள் என்றால் சிரிப்பார். நான்தான் கேட்டேன். அந்தக் காம்பராவைக் கேட்டு இரண்டு வருஷத்தில் தோட்ட ஆபீசுக்கு மூன்று கடிதம் எழுதினேன். முதலாவது தமிழில். ஆபீஸ் கிளாக்கரையா, தோட்டத்தை நடத்தும் தொரைக்குத் தமிழ் வாசிக்க வராது என்றார். கடைப் பலகைகளையும் பஸ் போர்டுகளையும் பார்த்து நான் கற்ற சிங்களத்தில் இரண்டாவதை எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கிறது என்று சிரித்தார்கள். மூன்றாவதைச் சங்கத் தலைவர் கையில் கொடுத்தேன். தீபாவளி முடியட்டும் என்றார் தலைவர். தீபாவளி முடிந்தது. வருஷம் முடியட்டும் என்றார். வருஷம் முடிந்தது. பொங்கல் முடியட்டும் என்றார். பண்டிகைக்குத்தான் அந்த அறை தேவை என்று எத்தனை தரம் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. ராமையா என்னைக் கேலி செய்தார். "எழுதி எழுதி ஒங் கையெழுத்துதான் முத்து முத்தா வந்திருச்சு. வேற என்னா நடந்துச்சு?"

பொங்கலுக்கு முதல் நாள் அவருக்கு இருமல் இருந்தது. ஸ்டோரில் அவர் படுக்கிற மூலைக்கு அடுத்ததுதான் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் அறை. உள்ளே புகை, வெளியே பனி. யோகன் வந்து இறங்கியதும் வழக்கம்போலப் பாயைச் சுருட்டினார். சுமதி வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டாள். நான் என் வாசலில் இருந்து பார்த்தேன்.

"இந்த இருமலோட எங்க போறீங்க மாமா?"

"சுமனபாலவுக்கு வாக்குக் குடுத்துட்டேன் புள்ள."

"வாச்சருக்குப் பொங்கலா? ஒங்களுக்குத்தான் பொங்கல். இன்னிக்குப் போனீங்கன்னா இனி ஒங்களுக்கு நான் சோறு ஆக்க மாட்டேன்."

"சரி, பட்டினி கெடக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே அவள் கைக்குக் கீழே குனிந்து நழுவிப் போனார். மூன்றாம் நாள் காய்ச்சலோடு கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்தோம். அன்றே த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இரண்டு நாள் அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சோறு ஆக்க மாட்டேன் என்றதுதான் சுமதி போனில் புலம்பிய வார்த்தை. அந்த வார்த்தைதான் அவரைக் கொன்றது என்று அவள் நம்புகிறாள். வாசலில் நடந்ததைப் பார்த்தவர்கள் அதைத் திருப்பி, சோறு போட மாட்டேன் என்று துரத்தினாள் என்று கதை கட்டிவிட்டார்கள். அவள் காதுக்கும் அது போய்விட்டது. கருமாதி முடிந்ததும் ஓப்பநாயக்கவுக்குப் போய்விடப் போகிறேன், இந்த லயத்தில் தலைகாட்ட முடியாது என்கிறாள். பையைக் கட்டி வைத்திருக்கிறாள். யோகன் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

ஆகவே ராமையாவுக்குக் கொடுத்த வாக்கை இங்கே மீறுகிறேன். அவர் போனது தானாக. போனது அவர்களுக்காக. மருமகளின் சோற்றை அவர் வழித்துத் தின்றதைக் கண்ணால் கண்டவன் நான். இதைத் தீபாவளியிலேயே அவளிடம் சொல்லியிருந்தால் அவள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கட்டிலில் படுக்க வைத்திருப்பாள். சொல்லாதது என் பிழை. அதை யார் தலையிலும் போடவில்லை.

அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது கிளாக்கரையா என் பக்கத்தில் நடந்து வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். "இனி அந்த ஊட்ல எடப் பிரச்சின இல்லத்தானே." என் கையில் குழிக்குப் போட்ட மண் அப்படியே ஒட்டியிருந்தது. அவருக்கு என் பதில் இந்தத் தாள்தான்.

ராமையாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு சத்தம். காலையில் ஸ்டோரிலிருந்து இறங்கி வரும்போது, வளைவிலேயே நின்று, "டேய் மணி, சும்மா வாடா, குறுக்க ஓடாத" என்று உரக்கக் கத்துவார். மணி அவருடைய நாய். அது செத்து வருஷக்கணக்காகிவிட்டது. வீட்டில் இருக்கிறவர்களுக்கு எழுந்து முகம் கழுவ நேரம் கொடுக்க, இல்லாத நாயை அதட்டிக்கொண்டு வருவார். அவ்வளவு மரியாதையாக எந்தப் பெரிய மனுஷனும் ஒரு வீட்டுக்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை. அதை வைத்துக்கொள்கிறேன். அவருடைய பொறுமையை வைத்துக்கொள்ள மாட்டேன். அது எனக்கு வேண்டாம்.

இனி நடக்க வேண்டியது. தொரை ஆறாம் காம்பராவைத் திறந்து வாளிகளை வெளியே போட வேண்டும். ஐந்தாம் காம்பராவில் ஆள் குறைந்துவிட்டது என்று சாக்குச் சொல்லக் கூடாது. இரண்டாம் காம்பராவிலும் ஒன்பதாம் காம்பராவிலும் இதே நெருக்கடிதான். தலைவர் அடுத்த பண்டிகையைக் காட்டித் தள்ளிப்போடாமல் இந்த வாரமே என்னோடு ஆபீசுக்கு வர வேண்டும். வராவிட்டால் நான் தனியாகப் போய் உட்காருவேன், அவர் வரவில்லை என்பதையும் சொல்வேன். கிளாக்கரையா என் கடிதத்தில் உள்ள பிழையைத் திருத்தி உள்ளே அனுப்ப வேண்டும். சுமனபால, ராமையா தானாகத்தான் கேட்டு வந்தார் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். பீலிக்கரையில் பேசியவர்கள் பீலிக்கரையிலேயே அதை மாற்றிப் பேச வேண்டும், சுமதி தண்ணீர் பிடிக்க வரும்போது. யோகன் முற்றத்திலிருந்து எழுந்து உள்ளே போக வேண்டும்.

நான் இந்தத் தாளை மடித்து யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு இருந்துவிடக் கூடாது. இப்போதே ஐந்தாம் காம்பராவுக்குப் போய், அவள் பையைத் தூக்கும் முன், இவ்வளவையும் அவள் முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும்.