வேரில்லாத வேப்பங்கொப்புகள்

எங்கள் மரம் நடும் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி. முதல் வருஷம் புதுச்சத்திரம் சாலையில் நாற்பது வேப்பங்கன்றுகள் நட்டோம். நல்லாயி என்ற கூலிக்காரப் பெண் தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை.

அதைப் பார்த்து நன்கொடை குவிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறு வருஷமே எட்டு ஊர்களுக்கு ஒப்புக்கொண்டேன். கன்றுக்கும் தங்கள் பெயர்ப்பலகைக்கும் கொடுத்தவர்கள் தண்ணீருக்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. “இனித் தண்ணீர் வேண்டாம், மழை பார்த்துக்கொள்ளும்” என்று நல்லாயியின் கூலியை நிறுத்தி, அதிலும் கன்று வாங்கினேன். மழை பொய்த்தது. பழைய நாற்பதும் சேர்ந்து கருகின.

அந்தச் சமயம் பார்த்து, பணக்காரப் பண்ணையார் ஒருவர் சாலையைப் பார்வையிட வந்தார். அன்று காலை நல்லாயியைக் கூப்பிட்டு, பச்சை வேப்பங்கொப்புகளை ஒடித்துப் பலகைகளின் பக்கத்தில் நடச் சொன்னேன். மோட்டாரை விட்டு இறங்காமலே பார்த்தவர், இன்னும் இரண்டு ஊருக்குப் பணம் தந்தார். கைகூப்பி வாங்கிக்கொண்டேன்.

மோட்டார் போனதும் நல்லாயி குடத்தோடு வந்தாள். “ஏனுங்க சாமி, இதுக்குத் தண்ணி ஊத்தோணுங்களா?”

“வேண்டாம்.”

“வேரு இருந்த கன்னுக்கும் இதையேதானுங்க சொன்னீங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் கொப்புகள் வாடித் தொங்கின.

அதற்குப் பிறகும் அந்த இரண்டு ஊர்களிலும், தண்ணீருக்கு ஆள் வைக்காமலே, நான் கன்று நட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.