தெற்கே திரும்பிய புயல்

எழுபதுகளின் தொடக்கத்தில், நான் வேலை பார்த்த கலைக்களஞ்சிய அலுவலகத்தில், ஒரு புயலைப் பற்றிய கட்டுரை என் மேசைக்கு வந்தது. மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டில் அலுவலகம் இருந்தது. அறிஞர்கள் எழுதி அனுப்பும் கட்டுரைகளைச் சரிபார்த்து, தமிழைச் செப்பனிட்டு, ஒதுக்கிய இடத்துக்குள் அடக்குவது என் பொறுப்பு. பச்சை மையில் திருத்துவேன்.

அந்தப் புயல் ஆறு வருடங்களுக்கு முன் தென்கரையில் அடித்தது. என் மகன் அதில்தான் போனான். அங்கே ஓர் உப்பளத்தில் மேற்பார்வையாளனாக இருந்தான். இருபத்து மூன்று வயது. அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. அந்தக் கட்டுரை வேறொருவர் கைக்குப் போவதில் எனக்கு விருப்பமில்லை. அதனால் அன்றும் நான் சொல்லவில்லை.

எழுதியவர் ஓய்வுபெற்ற வானிலை அதிகாரி. இரண்டு மூன்று இடங்களில் ‘கோரத் தாண்டவம்’ என்று எழுதியிருந்தார். அவற்றை எடுத்தேன். காற்றின் வேகத்தையும் கடல் ஊருக்குள் வந்த தூரத்தையும் பழைய செய்தித்தாள்களோடு ஒத்துப் பார்த்தேன். அப்படியும் நான்கு வரி அதிகமாக இருந்தது. புயல் சென்னைக்கு அருகே கரை கடக்கும் என்றே முதலில் எதிர்பார்த்தார்கள், கடைசி நேரத்தில் அது தெற்கே திரும்பியது என்று ஒரு பகுதி இருந்தது. அதை அடித்தேன். நடந்ததைச் சொன்னால் போதும், எதிர்பார்த்ததைச் சொல்ல இடமில்லை என்பது எங்கள் வழக்கம். வழக்கத்துக்காகத்தான் அடிக்கிறேன் என்று அப்போது நம்பினேன்.

பின்கட்டில் அச்சகம். ஒருவர் கையெழுத்துப்படியை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டே வருவார். அன்று படித்தவர் அச்சுக் கோப்பவர். கடற்கரைக் குப்பத்துக்காரர், என் வயதுதான் இருக்கும்.

“வானொலியில் முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோரத்தில் தங்கிவிட்டவர்கள் உயிரிழந்தனர்.” படித்துவிட்டு நிறுத்தினார்.

“இன்னா சார், நடுவுல இருந்தத அட்சிட்டீங்க?”

“இடம் இல்லப்பா.”

“உங்க பச்ச மை பட்டு எதுதான் பொயச்சிது!” என்று சிரித்தார். பிறகு தாளை மறுபடி பார்த்தார். “இல்ல சார், இப்டி வுட்டா, சொல்லச் சொல்ல கேக்காம குந்திகினு செத்தான்ற மாரி கீது. அந்தப் புயலு இங்கதான் வரும்னாங்க. நாங்க குட்சையப் பிரிச்சிகினு இஸ்கூல்ல போய் ரெண்டு நாளு கெடந்தோம். வரவேயில்ல. அங்க இருந்தவனுக்கு இன்னா சார் தெரியும்?”

நான் அச்சுப்படியைக் கீழே வைத்தேன்.

புயல் வந்த அந்த வாரம் நானும் வானொலியை விட்டு நகரவில்லை. மகன் விடுப்பில் வருவதாக இருந்தான். ரயில் நேராகப் புயலுக்குள் வந்துவிடுமோ என்று பயம். தபால் நிலையத்துக்குப் போய்த் தந்தி கொடுத்தேன்: புறப்படாதே, அங்கேயே இரு. மனைவியிடம் சொல்லவில்லை. அவன் வருகிறான் என்று முறுக்குக்கு மாவு அரைத்து வைத்திருந்தாள். வரட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். மறுநாள் புயல் தெற்கே திரும்பிவிட்டது.

அவன் இறந்த செய்தி வந்த மூன்றாம் நாள், அவன் முன்பே எழுதிப் போட்ட கார்டு ஒன்று, தந்தியில் நான் கொடுத்திருந்த அலுவலக முகவரிக்கு வந்தது. “தந்தி கிடைத்தது. நீங்கள் சொன்னபடி இங்கேயே இருக்கிறேன். அங்கே ஜாக்கிரதையாக இருங்கள்.” அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

மகள் கல்லூரியிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானாலும் நான் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுவேன். அவளோடு திரும்பி வரும்போது மனைவி சொல்வாள்: “இவளாவது வந்துடறா. அவனுக்குத்தான் வீட்டு நினைப்பே இல்லாம போச்சு. லீவு கெடச்சும் கூட்டாளிங்களோட தங்கிட்டான்.” ஆறு வருடமும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

“சார், அத்த சேத்துடவா?” என்றார் அச்சுக் கோப்பவர்.

“சேருங்க.”

“அப்போ வேற எதுனா நாலு வரி போவணுமே.”

“காத்தோட வேகத்தப் பத்தி நெறைய இருக்கு. அதுல எடுத்துக்கலாம்.”

எடுக்க வேண்டிய வரிகளைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “டீ சொல்லட்டா?” என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, என் மேசை இழுப்பறையைத் திறந்து கார்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

மனைவி முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். “அவன் தானா தங்கல. நான்தான் வர வேண்டாம்னு தந்தி அடிச்சேன்.” கார்டை நீட்டினேன்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இரண்டு முறை படித்தாள்.

“எப்ப வந்துது இது?”

“அப்பவே.”

“ஆறு வருஷமா நீங்க மட்டும் வெச்சுப் படிச்சுக்கிட்டிருந்தீங்களா?”

தந்தியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் அதற்குத்தான் பயந்திருந்தேன், அதற்குத்தான் பதில் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் கார்டைத் திருப்பி முகவரியைப் பார்த்தாள்.

“அவனை நான் எவ்வளவு திட்டியிருக்கேன். ஒரு நாளாவது நிறுத்துடின்னு சொல்லக் கூடாதா உங்களுக்கு?”

கீரையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள். கார்டை அவள் எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதுமில்லை.