கூர் போட்டது நான்தான்

அந்த மடக்குக் கத்திக்குச் செய்த வேலை அத்தனையும் என் கை வேலை. இதைச் சொல்ல வாயைத் திறந்தாலே வீட்டில் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். என் பிள்ளைகள்கூட "சரி, விடும்மா" என்கிறார்கள். எதை விடுவது? யாரும் காது கொடுத்துக் கேட்பதாக இல்லை, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கத்தியைக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கப்பல்காரன் ஒருவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாராம், அவன் சந்தோஷப்பட்டுக் கொடுத்தானாம். எனக்கு நாலு வயதாக இருக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அம்மாதான் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னை வளர்த்தாள். எங்கள் தெரு கீழ்வேளூரிலிருந்து நடந்துபோகிற தூரம். கத்தியை வெற்றிலைபாக்கோடு சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வாள். பாக்கு நறுக்க, நாற்றுமுடியின் கட்டை அறுக்க, காலில் தைத்த முள்ளை எடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஆனால் வந்தபோது அது கைக்கு ஆகாத கத்தி. கைப்பிடி மரத்தின் ஓரங்கள் சதுரமாக இருந்தன. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் உள்ளங்கையில் கோடு விழும். திறப்பது அதைவிடப் பெரும்பாடு. அலகில் நகம் கொடுத்து இழுக்க ஒரு சின்னப் பள்ளம் உண்டு. நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய கையில் அம்மாவுக்கு நகம் எங்கே இருந்தது? பல்லால் கடித்து இழுப்பாள். எனக்கு அப்போது பதினோரு வயது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

சைக்கிள் கடைக்காரரிடம் கெஞ்சி, தேய்ந்துபோன அரம் ஒன்றை வாங்கிவந்தேன். ஓரங்களை உருட்டி, உப்புத்தாள் போட்டு, விளக்கெண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன். அம்மாவின் விரல்களை மடக்கிப் பார்த்து, சுண்டுவிரல் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் குழித்தேன். அலகு மறைந்து கிடக்கும் இடத்தில் கைப்பிடியின் இரண்டு பக்கமும் அரைவட்டமாக ராவினேன். இனி நகமும் வேண்டாம், பல்லும் வேண்டாம், இரண்டு விரலால் கிள்ளி இழுத்தால் போதும். ஒரு வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து இதே வேலை. அம்மா அதைத் திறந்து மூடி, மறுபடி திறந்து பார்த்து, "கையிலயே மொளச்ச மாதிரி இருக்குடி" என்றாள். நடவுக்கு வரும் பெண்கள் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் காட்டி, "என் மவ செஞ்சது" என்று சொன்னாள்.

ஆட்சி மாறியிருந்தது, ஆனால் எங்கள் பக்கத்துக் கூலித் தகராறு மட்டும் மாறவில்லை. அந்த வருஷம் சம்பா நடவுக்குக் கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி எங்கள் தெரு ஆட்கள் கேட்டார்கள். மிராசுதார் மாட்டேன் என்று வெளியூர் ஆட்களை இறக்கினார். பெண்கள் சார்பில் அவரிடம் பேசப் போனவள் அம்மா. இரண்டு நாளில் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் போலீஸ் லாரி வந்து நின்றது. எங்கள் பெண்கள் வேறு நிலத்துக்கு நடவுக்குப் போவதானாலும் அந்த மதகைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அந்த வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன், துவைக்கிற கல்லில் கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி அம்மா தேய்த்துக்கொண்டிருக்கிறாள். நுனி போயே போய்விட்டது. கட்டைவிரல் மாதிரி மொழுக்கென்று இருந்தது.

"என்னம்மா பண்ணுற?"

"நுனி இடுப்புல குத்துதுடி."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மடக்குக் கத்தி மடங்கிக் கிடக்கும்போது எங்கே குத்தும்? கண்ணெதிரே பொய். முள்ளை இனி எதால் எடுப்பாய் என்று கேட்டேன். ஊக்கு இருக்கிறது என்றாள். ஒரு வாரம் உழைத்துச் செய்த பொருளை ஒரு வார்த்தை கேட்காமல் பாழாக்கிவிட்டு, ஊக்கு இருக்கிறதாம். உண்மையான காரணத்தைச் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேனா? சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்துவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

அவள் வாய்க்காலுக்குக் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து, இரண்டு நாளில் கத்தியைச் சரிசெய்தேன். அலகின் முதுகைச் சரிவாக ராவிக்கொண்டு வந்தால் நுனி தானாகப் பிறக்கும். பிறகு கல்லில் தீட்டினேன். கப்பல்காரன் கொடுத்தபோதுகூட அவ்வளவு கூர் இல்லை. சத்தம் போடாமல் சுருக்குப்பையில் திரும்ப வைத்துவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. அம்மா அதைத் திறந்து பார்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று நானும் அவளோடு நடவுக்குக் கிளம்பினேன்.

மதகில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் லாரியில் சாய்ந்து நின்றுகொண்டு, "அருவாள விட்டுடு. மொட்டையா இருக்கறதையும் விட்டுடு. கூரா இருந்தா எடு" என்று போலீஸ்காரரிடம் சொன்னார். அம்மாவிடம் வந்ததும் அவளே பையை அவிழ்த்து நீட்டினாள். பயப்பட்டதாகத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் கத்தியை வாங்கி இரண்டு விரலால் கிள்ளி இழுத்தார். வெண்ணெய் மாதிரி திறந்தது. நுனியில் கட்டைவிரலை வைத்தவர் உடனே எடுத்துக்கொண்டார்.

அம்மா நுனியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீதானே மிராசுதார் வீட்டுல வந்து பேசினவ? நல்லாத்தான் கூர் போட்டிருக்கு. யாரு வேல இது?"

இரண்டு நாள் உழைப்பை முதலில் மதித்தவர் அவர்தான். நான் ஓரடி முன்னால் எடுத்து வைத்தேன். அதற்குள் அம்மா, "நான்தான் சார்" என்றாள்.

"இல்ல சார், நான்தான்..."

வாயில் ஓர் அறை விழுந்தது. அம்மா அதுவரை என்னை அடித்ததே இல்லை. உதடு பல்லில் பட்டுக் கிழிந்துவிட்டது. "இது பொய்மூட்ட சார். எதைக் கண்டாலும் நான் செஞ்சது, நான் செஞ்சதுன்னு சொல்லும்" என்றாள். நானா பொய்மூட்டை? வரிசையில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். என் கை வேலையைத் தொட்டுத் தடவிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருத்தியாவது வாயைத் திறக்கவேண்டுமே. பக்கத்து வீட்டு அத்தை மட்டும் திறந்தாள். "ஆமா சார், அந்தப் புள்ள அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். தோளில் அவள் நகம் பதிந்துவிட்டது. அம்மாவை லாரியில் ஏற்றினார்கள். போகும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

செய்தி கேட்டு மாமா வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினார். நான் அவரிடம் எல்லாவற்றையும் முறையிட்டேன். என் வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொண்டாள், ஊருக்கு முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கினாள், அடிக்கவும் அடித்தாள், நீங்களே கேளுங்கள் என்றேன். மாமா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். நியாயம் கேட்க எனக்கென்று ஒரு ஆள் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து அம்மா வந்தாள். நான் கிட்டப் போகவில்லை. அவளாகக் கூப்பிட்டபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே கேட்டேன்.

"நான் செஞ்சத நீ செஞ்சேன்னு எதுக்குச் சொன்ன?"

"ஒன் வேலதான்டி. ரொம்ப நல்ல வேல. யாருகிட்டயும் சொல்லிடாத."

எடுத்துக்கொண்டதும் இல்லாமல், அதை மறைக்க என்னையே துணைக்குக் கூப்பிடுகிறாள். மாமா இரண்டு தட்டில் சோறு போட்டு வைத்தார். அம்மாவின் வலது கை விரல்கள் வீங்கி மடங்காமல் இருந்தன. தட்டை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் சோற்றை அள்ளினாள். நான் இடது கையால் தண்ணீர் மொண்டாலே அதட்டுகிறவள். எனக்கு ஒரு சட்டம், இவளுக்கு ஒரு சட்டமா என்று என் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.