உதட்டின் நீலம்

புசல்லாவையிலிருந்து கண்டிக்குப் போகும் காலை பஸ்ஸில் எல்லோரும் போனில்தான் மூழ்கியிருப்பார்கள். இந்த முகங்களை ஒரு ஆளாவது ஏறெடுத்துப் பார்க்கட்டும் என்றுதான் பஸ்ஸில் படம் வரையத் தொடங்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அன்று ஏறியபோது சீட் இல்லை. நிற்பவர் தன் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், கேட்கக்கூட வேண்டியதில்லை. ஜன்னலோரம் இருந்த பெரியவரின் மடியில் என் பையை வைத்தேன். அவர் நிமிரவில்லை. இப்போது யார்தான் நிமிர்கிறார்கள்? என் பைமேல் இன்னும் இரண்டு பைகள் ஏறின.

கம்பளையில் அவருக்கு எதிரே பக்கவாட்டு சீட் கிடைத்ததும் அவரை வரைய ஆரம்பித்தேன். அவர் போனில் ஒரே வீடியோ திரும்பத் திரும்ப ஓடியது. விரல்கூட அசையவில்லை. இவ்வளவு ஒத்துழைக்கும் ஆள் எனக்கு அதுவரை அமைந்ததில்லை. பேராதனை நெரிசலில் பஸ் நின்றபோது வர்ணப் பெட்டியைத் திறந்தேன். உதட்டில் தெரிந்த நீலத்தைப் போன் வெளிச்சம் என்று நினைத்து, கவனமாகக் கலந்து பூசினேன்.

கண்டி வந்தது. "ஐயா, பைய எடுத்துக்கிறேங்க" என்று ஒரு பெண் எடுத்துக்கொண்டு இறங்கினாள். இன்னொருவர் சொல்லாமலே எடுத்தார். அடியிலிருந்த என் பையை நான் இழுத்தபோது, அவர் அப்படியே என்மேல் சரிந்தார். அவர் கை சில்லிட்டிருந்தது. வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் படத்தை எடுத்துப் பார்த்தேன். நீலம் மிகச் சரியாக வந்திருந்தது.