வெண்ணெய்க் கப்பலில் போனவன்

லூபெக் ரயில் நிலையத்தில் பைகளை வைத்துப் பூட்டும் பெட்டிகள் வரிசைக்கு எட்டு. அதில் மூன்று பழுது. மகள் நல்லதொன்றைத் திறந்து பிடித்தாள்.

"வையுங்கோ அப்பா. கையை வீசிக்கொண்டு ஊரைப் பார்ப்பம்."

"நம்பர் மறந்து போனால்?"

"நீங்களோ? பஸ்ஸுக்குள்ள சீற்றை எண்ணுற ஆளெல்லே!"

வைத்துவிட்டேன். ஆனால் வெறுங்கை எனக்குச் சரிவராது. சரிந்து நிற்கும் பழைய நகரவாயிலை அவள் படம் எடுக்க, ஆற்றிலிருந்து டீசலும் மீனும் கலந்த வாடை வந்தது. கூடவே நினைவில் சேவியரும் வந்துவிட்டான்.

சேவியர் மன்னார்ப் பெடியன். அகதி விடுதியில் என் அறைக்காரன். அனுமதியில்லாமல் மாவட்டத்தைத் தாண்டக்கூடாத காலம் அது. அவனுடைய அண்ணனோ டென்மார்க்கில். லூபெக்கின் கடல்முகத்திலிருந்து அப்போது வெண்ணெய்க் கப்பல்கள் ஓடின. தீர்வையில்லாத வெண்ணெயும் சாராயமும் வாங்கக் கிழவிகள் காலையில் ஏறிப் பின்னேரம் திரும்பும் மலிவுப் பயணம். நடுவில் ஒரு டேனிஷ் துறையில் சற்று நிற்கும். அங்கே இறங்கி அண்ணனோடு போய்விடுவது சேவியரின் திட்டம்.

"பை இருந்தால்தான், அண்ணை, பொலிஸ்காரன் பிடிப்பான். வெறுங்கையெண்டால் வெண்ணெய் வாங்கப் போறன் எண்டு நினைப்பான்."

"உன்ரை மூஞ்சையைப் பார்த்துமோ?"

"ஏன், கறுப்பன் பாண் தின்னமாட்டானோ?"

சிரித்தேன். இரண்டு சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பையைக் கட்டிலில் விட்டுவிட்டு, கிழவிகளின் நடுவே ஏறிப் போனான்.

நான் கரையிலேயே இருந்தேன். ஏறியவர்களை எண்ணியிருந்தேன். பின்னேரம் இறங்கியவர்களையும் எண்ணினேன். ஒன்று குறைந்தது. திரும்பும் பஸ்ஸில் பைத்தியக்காரனைப் போலத் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை விடுதித் தொலைபேசியில் அவன் அண்ணன்.

"அண்ணை, தம்பி வெளிக்கிடேல்லையோ?"

"நேற்றே வந்திட்டானெல்லே?"

"இல்லையே. கப்பலால இறங்கின ஆக்கள் எல்லாரையும் பார்த்தனான். எங்கட ஆள் ஒருத்தரும் இறங்கேல்லை."

பொலிசிடம் போக இருவருக்கும் பயம். எங்கேயோ ஒளித்திருப்பான் என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டோம். மாதக்கணக்கில் சொன்னோம்.

இன்று மகளோடு அவன் கப்பல் ஏறிய துறைக்கும் போனேன். சீட்டுக் கொடுத்த கூண்டில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். வெண்ணெய்க் கப்பல்கள் எப்போதோ நின்றுவிட்டன. அந்த அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். எண்ணிப் பார்க்கிறேன்: சேவியர் என்று ஒருவன் அன்று கப்பல் ஏறினான் என்பது தெரிந்த ஆள் இனி நான் ஒருவன்தான்.